ஜியு-ஜிட்சு கற்கப் போட்டிக்குப் போயே ஆக வேண்டுமா?

பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆனதும் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "எப்போ போட்டிக்குப் போகப் போறே?" நல்ல மனதோடுதான் கேட்கிறார், ஆனால் அந்தக் கேள்வி அப்படியே ஒட்டிக்கொள்ளும். போகாவிட்டால் நான் வளரவே மாட்டேனா, போட்டிக்குப் போகிறவர்கள்தான் உண்மையாகக் கற்கிறவர்களா, வேலையும் குடும்பமுமாக வாரம் இரண்டு நாள் வந்து போகிற நான் இங்கே வெறும் விருந்தாளியா என்றெல்லாம் யோசனை ஓட ஆரம்பித்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டி நடக்கும் அந்த ஒரு நாளில் நீங்கள் கற்றுக்கொள்வது ரொம்பக் குறைவு. தேதி குறித்த பிறகு உங்கள் பயிற்சி மாறுகிறதே, வளர்ச்சி அந்த மாற்றத்தில் இருக்கிறது. அதை வேறு வழியில் கொண்டுவர முடிந்தால் போட்டி இல்லாமலும் நன்றாக வளரலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் வேறு எங்கும் கிடைக்காது, அதற்காக, முடிந்தவர்கள் ஒரு முறையாவது போய்வருவது நல்லது என்பது என் எண்ணம்.

இந்தக் கலை முற்றிலும் புதிது என்பவர்களுக்குச் சின்ன அறிமுகம். இதில் அடி உதை கிடையாது. எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோய், அவர் மேல் வசதியான இடம் பிடித்து, கழுத்தை நெரித்தோ மூட்டைப் பூட்டியோ அவரைத் தட்ட வைக்க வேண்டும். தட்டுவது என்றால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்டி "போதும்" என்று தெரிவிப்பது. தட்டிய நொடியே பிடியை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு ஏற்பாடு இருப்பதால்தான் ஒவ்வொரு வகுப்பிலும், உண்மையாகவே எதிர்க்கிற ஒருவரோடு மோதிப் பார்க்க முடிகிறது. இதை ரோலிங் என்பார்கள். குத்துச்சண்டையில் தினமும் முழு வேகத்தில் தலையில் வாங்கிக்கொண்டிருந்தால் மூளை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே நெரிபட்டு, தட்டி, எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம்.

அதாவது போட்டி என்பதன் ஒரு பெரிய பங்கு ஏற்கெனவே உங்கள் வகுப்புக்குள்ளேயே இருக்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த யோசனை பிரேசிலில் பிறந்ததில்லை. 1882-ல் ஜப்பானில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, செய்து பார்க்கவே முடியாத ஆபத்தான உத்திகளை ஓரமாக வைத்துவிட்டு, எதிர்க்கிற ஆளிடம் முழு மூச்சாகப் பழகக்கூடிய உத்திகளுக்கு முதலிடம் கொடுத்தார். ரண்டோரி என்று அதற்குப் பெயர். கோடோகனில் பயின்ற மித்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார்; பெலெம் நகரில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸின் தம்பி ஹீலியோ 1951-ல் ரியோவின் மரகானா விளையாட்டரங்கில் மசாஹிகோ கிமுரா என்ற ஜூடோ வீரரோடு மோதினார். கிமுரா அவர் கையை முறுக்கிப் பூட்டினார், ஹீலியோ தட்ட மறுத்தார், கடைசியில் அண்ணன் கார்லோஸ் தரப்பிலிருந்து துண்டு எறிந்துதான் மோதலை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டை இன்று உலகம் முழுக்க எல்லா ஜியு-ஜிட்சு வகுப்பிலும் "கிமுரா" என்றுதான் சொல்லித் தருகிறார்கள், தங்களைத் தோற்கடித்தவரின் பெயரிலேயே. எனக்கு இந்தக் கலையில் ரொம்பப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று. அப்புறம் 1993-ல், பல சண்டைக் கலைக்காரர்கள் மோதும் யுஎஃப்சி என்ற போட்டி முதன்முறை நடந்தபோது அதில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் மடக்கி வென்றபோது மற்ற நாட்டவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக, இந்தக் கலை மோதி மோதித்தான் வளர்ந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கலை வளர்வது வேறு, நீங்கள் வளர்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "போட்டி இல்லாமல் வளர்ச்சி இல்லை" என்ற பேச்சு வருகிறது என்று நினைக்கிறேன். யார் யாரோ போட்டியில் வைத்துச் சோதித்துப் பார்த்து, தேறியதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள், அதுதான் உங்கள் வகுப்புக்கு வந்து சேர்கிறது. ரோஜர் கிரேசி 2009 உலகப் போட்டியில் எதிர்த்து வந்த எல்லோரையும் மவுண்டில், அதாவது அவர்கள் உடம்பின் மேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, உடையின் காலரைக் குறுக்கே பிடித்து நெரித்தே தட்ட வைத்தார். புதியவர்களான வெள்ளை பெல்ட்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற நெரிப்பு அது. உச்சத்தில் இருப்பவர்களிடமும் அது பலிக்கும் என்று அவர் காட்டிய பிறகு, அதைப் பொறுமையாகப் பழகலாம் என்ற நம்பிக்கை போட்டிப் பக்கமே போகாத ஒருவருக்கும் கிடைத்துவிட்டது.

சரி, ஒரு போட்டி நாளில் என்னதான் நடக்கும்? சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிகளை எடுத்துக்கொள்வோம், பல போட்டிகள் இதையே கொஞ்சம் மாற்றிப் பின்பற்றுகின்றன. வயது, எடை, பெல்ட் மூன்றையும் பார்த்துப் பிரிப்பார்கள். பெரியவர்கள் பிரிவில் வெள்ளை பெல்ட்டுக்கு 5 நிமிடம், நீலத்துக்கு 6, ஊதாவுக்கு 7, பழுப்புக்கு 8, கறுப்புக்கு 10. இருவரும் நின்றபடி தொடங்குவார்கள். தூக்கிப் போட்டோ இழுத்துத் தள்ளியோ கீழே கொண்டுவந்தால் 2 புள்ளி, கீழே இருந்தபடி எதிராளியைப் புரட்டி மேலே வந்தால் 2, அவர் கால்களின் தடுப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் போனால் 3, மேலே ஏறி மவுண்டில் உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. பிடித்த இடத்தில் மூன்று நொடி நிலைத்து நின்றால்தான் புள்ளி. இடையில் யாராவது தட்டிவிட்டால் புள்ளிக்கணக்கெல்லாம் செல்லாது, ஆட்டம் அதோடு முடிந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பிரிவில் 16 பேர், தோற்றவர் வெளியே என்ற முறை. முதல் சுற்றிலேயே 8 பேர் வீட்டுக்கு. வெண்கலத்துக்குத் தனி ஆட்டம் வைக்காவிட்டால் மொத்தம் 15 ஆட்டம்தான், ஆளுக்குச் சராசரி இரண்டுகூட வராது. வெள்ளை பெல்ட்டில் ஒரு ஆட்டம் அதிகபட்சம் 5 நிமிடம் என்றால், ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, பயந்து, வியர்த்து, நீங்கள் மேட்டில், அதாவது ஆடும் மெத்தை விரிப்பில், இருக்கப் போவது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. ஒரு சாதாரண வகுப்பில் ஐந்து நிமிடச் சுற்று ஐந்து ரோல் செய்தாலே 25 நிமிடம் வந்துவிடும். எனவே போட்டி மேட்டில் கற்றுக்கொள்ளலாம் என்று போனால், நேரத்தை வைத்துப் பார்த்தால் அது மிக மோசமான பேரம்.

அப்படியானால் போட்டிக்குப் போய்வந்தவர்கள் சட்டென்று முன்னேறி நிற்பதாகத் தெரிகிறதே, அது எப்படி?

பதில் அதற்கு முந்தைய ஆறு எட்டு வாரங்களில் இருக்கிறது. தேதி குறித்துவிட்டால் மனிதர்கள் வகுப்பைத் தவறவிடுவதில்லை, நேரத்துக்குத் தூங்குகிறார்கள், தின்பதில் கவனமாக இருக்கிறார்கள், ரோலிங்கின் நடுவில் நின்று அரட்டை அடிப்பதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதுவரை வாரம் ஒரு புது உத்தி என்று மேய்ந்துகொண்டிருந்தவர் முதன்முறையாகத் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார்: நின்றபடி தொடங்கினால் நான் என்ன செய்யப் போகிறேன்? கீழே விழுந்துவிட்டால் எந்த கார்டுக்கு, அதாவது கால்களால் எதிராளியைத் தடுத்து வைக்கிற எந்த நிலைக்குப் போவேன்? அங்கிருந்து என் முதல் முயற்சி எது, அவர் அதைத் தடுத்தால் அடுத்தது எது? இந்த நாலு கேள்விக்குப் பதில் இருந்தாலே உங்களுக்கென்று ஓர் ஆட்டம் உருவாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு வருடம் பழகியும் இதற்குப் பதில் இல்லாத நீல பெல்ட்காரர்கள் இருக்கிறார்கள். நூறு உத்தி தெரியும், எதை எப்போது செய்வது என்று மட்டும் தெரியாது.

இன்னொன்று, நின்றபடி தொடங்குவது. இடமில்லாத வகுப்புகளில், காயம் ஆகக்கூடாதே என்று, எல்லோரும் முட்டி போட்டபடிதான் ரோலைத் தொடங்குவார்கள். அதனால் ஒரு ஆளைக் கீழே கொண்டுவருவது எப்படி என்பதே தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும். போட்டிக்குப் பெயர் கொடுத்த மறுநாள் அந்த ஓட்டை கண்ணில் படும்.

நான் "வேறு எங்கும் கிடைக்காது" என்று சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

வகுப்பில் உங்களோடு ரோல் செய்பவர் உங்களுக்குத் தெரிந்தவர். கீழே இருந்து புரட்டுகிற உங்கள் ஸ்வீப்பை அவர் பலமுறை பார்த்தவர், நீங்களும் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அறிந்தவர். இதில் இரண்டு பக்கமும் பொய் சேர்கிறது. உங்கள் நல்ல உத்தி அவருக்குப் பழகிப்போனதால் வேலை செய்யாமல் போகும், நீங்கள் அதை மோசமான உத்தி என்று நினைத்துக் கைவிடுவீர்கள். உங்கள் மோசமான உத்தி அவருக்கு மட்டும் இருக்கிற ஒரு பழக்கத்தால் பலிக்கும், நீங்கள் அதை ஆயுதம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அது போக, எல்லோரும் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டியவர்கள், ஆகையால் ஒரு சொல்லப்படாத உடன்பாடு இருக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கினால் அவரும் பிடியைத் தளர்த்துவார், கார்டைத் தாண்டவிட்டால் "பரவாயில்லை, இங்கிருந்து தப்பிப்பதைப் பழகலாம்" என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். பயிற்சிக்கு இது நல்லதே, இப்படி விட்டுக்கொடுக்காதவர்களோடு பழகவே முடியாது. ஆனால் உங்கள் ஆட்டத்தில் எது உங்களுடையது, எது அந்த உடன்பாட்டால் வந்தது என்பதை அதற்குள்ளேயே இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது.

போட்டியில் எதிரே நிற்பவர் உங்களை இதுவரை பார்த்ததே இல்லை. உங்களைப் போலவே அவரும் வாரக்கணக்கில் தயாராகி வந்திருக்கிறார், ஒரு அங்குலம்கூடச் சும்மா தர மாட்டார். இதோடு சேர்ந்து உடம்புக்குள் அட்ரினலின் பாய்கிறது. என் முதல் ஆட்டத்தில் இரண்டாவது நிமிடத்திலேயே முன்கைகள் கல்லாக இறுகி, காலரைப் பிடித்த விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. வகுப்பில் அரைமணி நேரம் தொடர்ந்து ரோல் செய்தாலும் வராத களைப்பு அது. கோச் பக்கத்தில் நின்று கத்தியது ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. யோசித்துச் செய்யலாம் என்று வைத்திருந்த உத்திகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உடம்பில் ஊறிப்போயிருந்த இரண்டு மூன்று மட்டும் தானாக வந்தன. அந்த இரண்டு மூன்று எவை என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவற்றில் ஒன்று, கார்டு போகிற நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்புகிற ஒரு கெட்ட பழக்கம். வகுப்பில் யாரும் அதைப் பெரிதாகத் தண்டித்ததில்லை, அன்று வந்தவர் நேராக என் முதுகில் ஏறிவிட்டார். அடுத்த ஆறு மாதம் நான் எதைப் பழக வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஒரு ஆட்டத்தில் பதில் கிடைத்தது.

போட்டியை மருத்துவப் பரிசோதனை மாதிரி எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். ரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோய் குணமாவதில்லை, ஆனால் எதற்கு மருந்து சாப்பிட வேண்டும் என்று தெரியும். அடிக்கடி எடுத்துக்கொண்டே இருப்பதிலும் பெரிய லாபம் இல்லை.

இந்த அடிக்கடி என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மாதாமாதம் போட்டிக்குப் போகிறவர் எப்போதும் தயாரிப்பிலேயே இருக்கிறார். தயாரிப்பில் இருப்பவர் புதியதைச் செய்து பார்க்கத் தயங்குவார், ஏனென்றால் புது உத்தி முதல் நூறு தடவை தோற்கத்தான் செய்யும். ஒரே பலமான உத்தியை வைத்து வெள்ளை பெல்ட்டில் பதக்கம் பதக்கமாக அள்ளியவர் நீலத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுவது இந்தக் காரணத்தால்தான் பெரும்பாலும். 2 புள்ளி முன்னே வந்துவிட்டு மிச்ச நேரத்தைக் கட்டிப்பிடித்தே கழிக்கிற பழக்கமும் போட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்தை அது வென்று தரலாம், மற்றபடி அதில் கற்க எதுவும் இல்லை.

காயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோற்கக் கூடாது என்ற வேகத்தில் தட்டாமல் தாக்குப்பிடிப்பவர்கள் உண்டு. முழங்கையோ முழங்காலோ போய்விட்டால் மாதக்கணக்கில் மேட்டுப் பக்கமே வர முடியாது. அந்த மாதங்களில் நீங்கள் தவறவிடும் பயிற்சியை எந்தப் பதக்கமும் ஈடு செய்யாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பெல்ட் ஏறுவதற்குப் போட்டி கட்டாயமா என்றால், இல்லை. ஐபிஜேஜேஎஃப் பெரியவர்களுக்குப் பொதுவாக வைத்திருப்பது காலக்கணக்குதான்: நீலத்தில் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் 1 ஆண்டு. எப்போது தருவது என்பது உங்கள் கோச்சின் முடிவு. சில கோச்சுகள் போட்டிக்குப் போனால்தான் தருவேன் என்பார்கள், அது அவர்கள் இடத்து வழக்கம், சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

போட்டியாளராக இல்லாமலே இந்தக் கலையின் ஆழத்துக்குப் போனவர் யார் என்று கேட்டால் ஜான் டனஹரைச் சொல்வார்கள். ரென்சோ கிரேசியிடம் கறுப்பு பெல்ட் வாங்கியவர், பழைய கால் காயத்தால் போட்டிக் களத்தில் பெயர் வாங்கியவர் இல்லை, ஆனால் அவரிடம் கற்ற கோர்டன் ரையன் ஏடிசிசி என்ற பெரிய மல்லுப்பிடிப் போட்டியின் பட்டங்களை வென்றவர். நல்ல உதாரணம்தான், ஆனால் இதை முழுசாகப் பார்க்க வேண்டும். டனஹர் தான் போகாவிட்டாலும் தன் மாணவர்களைப் போட்டிகளில் இறக்கி, எது பலித்தது, எது உடைந்தது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். சோதனை அவர் உடம்பில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

போக முடியாதவர்களும் போக விரும்பாதவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. உங்கள் கோச்சின் அனுமதியோடு வேறு பயிற்சிக்கூடங்களின் ஓபன் மேட்டுக்கு, அதாவது பாடம் இல்லாமல் யாரும் வந்து ரோல் செய்கிற நேரத்துக்குப் போய்வாருங்கள், அறிமுகமில்லாத பத்துப் பேரோடு ரோல் செய்தாலே நான் மேலே சொன்ன பொய்களில் பாதி கழன்றுவிடும். மாதம் ஒருநாள் வகுப்பிலேயே கடிகாரம் வைத்து, ஒருவரை நடுவராக நிறுத்தி, புள்ளி போட்டு ஆடுங்கள், எல்லோரும் சுற்றி நின்று பார்க்கட்டும். பார்க்கிற கண்கள் இருந்தாலே படபடப்பு வந்துவிடும். மோசமான இடத்திலிருந்து தொடங்கிப் பழகுங்கள்: எதிராளி உங்கள் முதுகில் ஏறி ஒரு கை கழுத்தில் போட்ட நிலையில், இரண்டு நிமிடம், தப்பித்தால் மறுபடி முதலிலிருந்து. இதில் போலியாக விட்டுக்கொடுக்க இடமே இருக்காது. அப்புறம் போனில் படம் எடுத்துப் பாருங்கள். என்ன செய்தோம் என்று நாம் நினைப்பதும் அந்தப் படத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு: கீழே இருந்து தப்பிக்கத் தெரிந்து, பதறாமல் தட்டத் தெரிந்து, நின்றபடி தொடங்கினால் செய்ய ஒன்றாவது இருந்தால் போதும், நீங்கள் தயார்தான். "இன்னும் கொஞ்சம் தேறிவிட்டுப் போகிறேன்" என்பதற்கு முடிவே கிடையாது. வெள்ளை பெல்ட்டில் போவதில் ஒரு வசதி, எதிரே வருபவரும் உங்களைப் போலவே புதியவர். 30 வயதிலிருந்து மாஸ்டர் பிரிவுகள் தனியாக இருக்கின்றன, இருபது வயதுப் பையனோடு மோத வேண்டியதில்லை. முதல் போட்டிக்காக எடையைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து. ஐபிஜேஜேஎஃப் போட்டிகளில் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான், கி என்ற ஆட்ட உடையோடு எடை பார்ப்பார்கள். தண்ணீர் குடிக்காமல் வந்து நின்றால் மீண்டு எழ நேரமே இருக்காது, ஒரு பிரிவு மேலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெல்ட்டுக்கு எந்தப் பூட்டெல்லாம் தடை என்று விதிப்புத்தகத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள், முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக் போன்றவை வெள்ளை பெல்ட்டில் கிடையாது. ஆட்டத்துக்கு முன் நன்றாக வியர்க்கும் வரை உடம்பைச் சூடேற்றுங்கள், முன்கை கல்லாவது அதனால் கொஞ்சம் குறையும்.

ஆட்டத்தை யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே பார்க்காதீர்கள். இரண்டு நாள் கழித்து மனம் அடங்கியதும் கோச்சோடு உட்கார்ந்து பாருங்கள். எங்கே முதல் பிடி விட்டுப்போனது என்பதை மட்டும் தேடுங்கள், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்ததாகத்தான் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுபோய், அதே இடத்திலிருந்து தொடங்கித் தரச் சொல்லி அடுத்தவரிடம் கேளுங்கள்.